ஒரே விலை

பிப்ரவரி 18, புதன். சாம்பல் புதன்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஆளுக்கொரு டைரி கொடுத்தார்கள். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் முடியும்வரை தினமும் ஆண்டவருக்கு நன்றி சொல்ல ஒரு ஸ்தோத்திரக் காரியமாவது எழுத வேண்டுமாம். யாரும் வாங்கிப் பார்க்க மாட்டோம் என்று ஐயரம்மா சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா.

இன்றைய ஸ்தோத்திரம்: குழாயில் தண்ணீர் வந்தது.

இனி உண்மையை எழுதுகிறேன். எதிர்க் கட்டடத்தில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். செல்போன் கடை வரும் என்று நினைத்தேன். இன்றைக்குப் போர்டு ஏறிவிட்டது. சவப்பெட்டிக் கடை! கடைக்காரன் யார் என்று பார்த்தால் எட்வின். கோயில் பாடகர் குழுவில் எனக்குப் பின்வரிசையில் நின்று பாடுகிற அதே எட்வின். துபாயில் வேலை போய்த் திரும்பி வந்தவனுக்கு உலகத்தில் வேறு தொழிலே கிடைக்கவில்லையா?

இந்த ஆஸ்பத்திரி ரோட்டில் இத்தனை வருஷமாக எங்களுடையது மட்டும்தான் கடை. என் வீட்டுக்காரர் ஆசீர் பெட்டி செய்வார், நான் வருகிறவர்களிடம் பேசுவேன். அவருக்கு மரத்தோடு பேசத்தான் வரும். புது வருஷத்தன்று ஐயர் வந்து கடைக்கு ஜெபம் பண்ணும்போது, "இந்த வியாபாரம் பெருகி..." என்று தொடங்கிப் பாதியில் முழித்து, "எல்லாரும் சுகமாயிருக்க" என்று முடிப்பார். அப்படிப்பட்ட தொழில். இதற்கும் போட்டியா?

"அக்கா, ஆறு மணிக்குத் தொறப்பு ஜெபம். நீங்களும் அண்ணனும் கட்டாயம் வரணும்" என்று கூப்பிட்டான். அவன் மனைவி ஷீபா ஐந்து மாத வயிற்றோடு நின்று கேசரி கொடுத்தாள். சர்க்கரை போதவில்லை. ஆனால் மீதமும் வைக்கவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி.

ஸ்தோத்திரம்: கேஸ் சிலிண்டர் வந்தது.

எட்வின் வாசலில் கரும்பலகை வைத்து விலையை எழுதிப் போட்டிருக்கிறான். சாவுக்கு விலைப்பட்டியல் போட்ட முதல் ஆள் இந்த ஊரில் அவனாகத்தான் இருக்கும். எங்கள் விலையைவிட ஐந்நூறு குறைவு.

ஆசீரிடம் சொன்னேன். இழைப்புளியை நிறுத்தாமலே, "அவனும் பொழைக்கட்டும்" என்றார். அவனும் பிழைக்கட்டும் சரி, நாம்? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. எட்வின் எனக்குப் பிள்ளையும் இல்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு.

ஐயர் இன்று பிறனிடத்தில் அன்பு பற்றிப் பிரசங்கம் பண்ணினார். எனக்கென்றே தயார் செய்தது போல் இருந்தது. முடிந்ததும் வாசலில் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, எதிர்லயே வந்து கடை போடுதது பிறன் செய்யிற வேலையா?"

"கடை போடக் கூடாதுன்னு வேதத்துல எங்கயும் இல்லையேம்மா."

"போடலாம்னும் இல்லையே!"

ஐயருக்கு வயது முப்பதுதான் இருக்கும். பாவம், செருப்பைத் தேடுகிற சாக்கில் நகர்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மாவு அரைத்தேன். எட்வினை நேசிக்க வேண்டும் என்றால் நான் கடையை மூட வேண்டுமா? என்னை நேசிக்க வேண்டும் என்றால் அவன் மூட வேண்டும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நேசித்து இரண்டு கடையையும் மூடினால் செத்தவர்கள் கதி என்ன? ஒன்றும் விளங்கவில்லை.

பிப்ரவரி 25, புதன்.

நானும் கரும்பலகை வாங்கினேன். எட்வினைவிட முந்நூறு குறைத்து எழுதினேன். ஒருமுறை அழித்தேன். பிறகு இன்னும் பெரிதாக எழுதினேன்.

மிக்கேலம்மாவிடம் சாளை வாங்கினேன். இந்த ரோட்டில் கூடையோடு மீன் விற்கிற அம்மாதான். அவர் வீட்டுக்காரர் வியாகப்பனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம், கால் இரண்டும் வீங்கி. மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"அவருக்கு வேற ஒரு ஆசையும் இல்லம்மா. சொந்தமா ஒரு பெட்டியில போவணும். அம்புட்டுதான்."

"ஏன், உங்க கோயில்ல பெட்டி இருக்குமே?"

"அதுதான் வேண்டாங்காரு. அவுக அப்பாவ அந்தப் பெட்டியிலதான் தூக்கிட்டுப் போனாங்க. குழிக்கிட்ட போய்ப் பாயோட உருட்டி உள்ள விட்டுட்டு, பெட்டியத் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. இவரு ஏழு வயசுல பாத்துட்டு நின்னாராம். 'என்னைய உருட்டி விட்டுராதட்டி'ன்னு தெனமும் சொல்லுதாரு."

அவர்களுடைய கத்தோலிக்கக் கோயிலில் ஏழைகளுக்கென்று பொதுப்பெட்டி ஒன்று உண்டு. இன்னொரு சாவுக்கு வேண்டும் என்று திரும்பக் கொண்டுவந்துவிடுவார்கள். அது தர்மம்தான். ஆனால் ஏழு வயதில் பார்த்தவருக்கு அப்படித் தெரிந்திருக்காது.

மார்ச் 1, ஞாயிறு.

நற்கருணை அப்பம் வாங்க நான் எழுந்து போகவில்லை. சகோதரனோடு மனக்கசப்பு இருந்தால் தீர்த்துவிட்டு வா என்பது முறை. எட்வினும் எழுந்து வரவில்லை. பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றான். சபை முழுக்க எங்கள் இருவரையும்தான் பார்த்தது.

ஸ்தோத்திரம்: ஒன்றும் தோன்றவில்லை.

மார்ச் 5, வியாழன்.

அவன் குறைத்தான், நான் குறைத்தேன். அவன் உள்ளே வெள்ளை சாட்டின் துணி போட்டான். நாங்கள் சாட்டினோடு ஓரத்துக்கு லேஸும் வைத்தோம். அவன் பித்தளைக் கைப்பிடி போட்டான். ஆசீர் மூடிக்கு விளிம்பு வளைத்துக் கொடுத்தார். எங்கள் கடையில் இவ்வளவு அழகான பெட்டி இதற்குமுன் செய்ததே இல்லை. இவ்வளவு மலிவாகவும் விற்றதில்லை. லாபம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆணிக்கும் பசைக்கும் சரியாகப் போகிறது.

இன்று ஒரு மகன் வந்தான். அப்பா பிணவறையில் கிடக்கிறார், இவன் ரோட்டைக் குறுக்கே கடந்து கடந்து இரண்டு பக்கமும் விலை பேசினான். எனக்கே அருவருப்பாக இருந்தது. கடைசியில் என்னிடம்தான் வாங்கினான். போகும்போது, "எங்கப்பா வாழும்போது நல்ல கட்டில்ல படுக்கல. இதாவது கெடச்சுதே, உங்க புண்ணியம்" என்று கும்பிட்டான்.

என் புண்ணியமாம்! எட்வினைக் கருவிக்கொண்டே செய்த பெட்டி அது. கருவியதில் ஒருத்தர் அப்பாவுக்கு நல்லது நடந்தால், அது பாவமா புண்ணியமா? ஆசீரிடம் கேட்டேன். தூங்கிவிட்டார்.

மார்ச் 12, வியாழன்.

மிக்கேலம்மா கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார். சேலை முந்தியில் முடிந்திருந்ததை அவிழ்த்தார்.

"எம்மா, ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்பாங்க. உங்க ரெண்டு பேரு சண்டையில பெட்டி எனக்கு எட்டுற விலைக்கு வந்துட்டு. இப்பமே ஒண்ணு எடுத்து வச்சுக்கிடுதேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மிக்கேலம்மா! மனுசன் உயிரோட இருக்காரு!"

"அவருதாம்மா சொல்லி விட்டாரு. 'தள்ளுபடி இருக்கும்போதே வாங்கிரு, நான் கொஞ்சம் முந்திக்கூடப் போயிருதேன்'னு சிரிக்காரு."

"அப்படியெல்லாம் பேசப்படாது. ஆண்டவர் சுகம் குடுப்பாரு. பெட்டி வாங்கி வீட்ல வச்சா அது விசுவாசக் குறைவுல்லா? நான் குடுக்க மாட்டேன். போய் ஜெபம் பண்ணுங்க."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முந்தியை முடிந்துகொண்டு கூடையைத் தூக்கினார். எதிர்க்கடைக்கும் போனார். எட்வினும் இதையேதான் சொல்லியிருப்பான் போல, வெறுங்கையோடு வந்தார். என்ன இருந்தாலும் அவனும் விசுவாசிதான்.

ஸ்தோத்திரம்: ஒரு குடும்பத்துக்கு விசுவாச வார்த்தை சொல்ல முடிந்தது.

மார்ச் 14, சனி.

மானம் போயிற்று. ஒரு வீட்டார் பெட்டி பார்க்க என் கடைப் படி ஏறும்போதே எட்வின் அங்கிருந்து, "அண்ணாச்சி, இங்க வாங்க, இன்னும் குறைச்சுத் தாரேன்" என்று கூவினான். நான் தெருவில் இறங்கிவிட்டேன். என்ன பேசினேன் என்று எழுத மாட்டேன். அவனும் பேசினான். வந்த அம்மாள் துக்கத்தை மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார். சாயங்காலம் ஐயரே கடைக்கு வந்துவிட்டார்.

"நாளைக்கு ஆராதனை முடிஞ்சு ரெண்டு பேரும் வெஸ்ட்ரிக்கு வாங்க" என்றார். வெஸ்ட்ரி என்பது ஐயர் அங்கி மாற்றுகிற அறை.

மார்ச் 15, ஞாயிறு.

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்! மனதில் இருந்த பாறாங்கல் இறங்கிவிட்டது.

வெஸ்ட்ரியில் முதலில் எட்வின்தான் அழுதான். "அக்கா, துபாயில இருந்து வந்து எட்டு மாசம் வேலை தேடுனேன். ஷீபா நகைய வச்சுத்தான் கடை போட்டேன். நீங்க குறைக்கக் குறைக்க எனக்கு நெஞ்சு அடைக்கு" என்றான். எனக்கும் அழுகை வந்துவிட்டது. இந்தப் பையனையா கருவிக்கொண்டிருந்தேன்! அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மகன் இருந்தால் இவன் வயதுதான்.

ஐயர் சொன்னார்: "ஒருத்தர ஒருத்தர் விழுத்தாட்டாத ஒரு விலைய வைங்க. ரெண்டு கடைக்கும் ஒரே விலை. அன்புன்னா அதுதானே."

விலையை ஜெபத்தில் வைத்தோம். முழங்காலில் நின்றோம். எழுந்து பேசினோம். பழைய விலைக்கே போகலாம் என்றேன். எட்வின், "மர விலை ஏறியிருக்கேக்கா, இப்ப ரெண்டு குடும்பம் வேற" என்றான். நியாயம்தானே? கொஞ்சம் சேர்த்து வைத்தோம். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் குறைப்பதில்லை என்று நற்கருணை மேசைக்கு முன்னால் கையடித்துக் கொடுத்தோம்.

வீட்டுக்கு வந்து கோழி எடுத்துச் சமைத்தேன். லெந்தில் கறி சாப்பிடுவதில்லை என்பதே மறந்துபோயிற்று.

மார்ச் 22, ஞாயிறு.

ஐயர் எங்கள் இரண்டு பேரையும் சபைக்கு முன்னால் நிறுத்தி சாட்சி சொல்ல வைத்தார். "கடைத்தெருவுலயும் அன்பு ஜெயிச்சிருக்கு" என்றார். கை தட்டினார்கள். நற்கருணையில் எட்வினும் நானும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டோம்.

வியாபாரம் சுகம். யாரும் ரோட்டைக் கடந்து கடந்து பேரம் பேசுவதில்லை. பேசி என்ன பண்ண? லேஸ் வைப்பதை நிறுத்திவிட்டோம், யாரும் கேட்கவும் இல்லை. ஆசீர் மட்டும் சரியாகச் சாப்பிடுவதில்லை. வாயுத் தொல்லையாக இருக்கும்.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு.

ஓலையில் சிலுவை மடித்தேன். மிக்கேலம்மா ஒரு வாரமாக மீன் கொண்டு வரவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்.

நல்ல வெயில். மிளகாய் காயப் போட்டேன்.

வியாகப்பன் காலையில் இறந்துவிட்டார். மிக்கேலம்மா வந்து விலை கேட்டார். சொன்னேன். பலகையைப் பார்த்தார், முந்தியைத் தொட்டுப் பார்த்தார். "அன்னைக்கு வேற விலை போட்டிருந்தியளே" என்றார்.

குறைத்திருக்கலாம் என்று இப்போது எழுதுவது சுலபம். மேசைக்கு முன்னால் கையடித்தது எட்வினோடு. எட்வினுக்குத் தெரியாமல் ஒரு ரூபாய் குறைத்தாலும் துரோகம்தான். "எதிர்க்கடையில கேட்டுப் பாருங்க" என்றேன். அவன் மீறினால் மீறட்டும் என்று நினைத்தேன். அவன் மீறினால் என் மேல் குற்றம் இல்லையே.

ரோட்டைக் கடந்து போனார். திரும்பி வந்தார். "அந்தத் தம்பி, அக்காகிட்ட கேளுங்க, அவங்க குறைச்சா எனக்குச் சம்மதம்னு சொல்லுது" என்றார். அதை எட்வின் வந்து என்னிடம் சொல்ல வேண்டும் அல்லவா? மறுபடி அனுப்பினேன். அப்போது அவன் கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். மறுபடி வந்தார். ரோட்டில் தார் இளகிக் கிடந்தது. காலில் செருப்பு இருந்ததா என்று நான் கவனிக்கவில்லை.

"சரி, இருக்கதக் குடுங்க, மீதியப் பொறவு தாங்க" என்றேன்.

"பொறவு எங்கிருந்தும்மா வரும்?" என்றார். சத்தம் போடவில்லை. "ரெண்டு பேரும் இப்ப ஒரே வாயால பேசுதிய. நல்லா இருங்க."

போய்விட்டார்.

ஆசீர் உள்ளே இழைத்துக்கொண்டுதான் இருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? எல்லாவற்றையும் நான்தான் பேச வேண்டும்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி.

மத்தியானம் மூன்று மணி நேரம் நடக்கிற மும்மணி ஆராதனைக்குத் தனியாகத்தான் போனேன். "நீ போ, வாரேன்" என்று சொன்ன ஆசீர் வரவில்லை. கோயிலில் பயறுக் கஞ்சி கொடுத்தார்கள். அவருக்கும் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு வந்தேன். கடை திறந்து கிடந்தது. ஆள் இல்லை.

கொஞ்ச நேரத்தில் லோடு ஆட்டோ வந்தது. பின்னால் பெட்டி. லேஸ் வைத்தது, விளிம்பு வளைத்தது. பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஆசீர் உட்கார்ந்திருந்தார். தெருவே பார்த்தது.

"எங்க போனிய?"

"மிக்கேலம்மா வீட்டுக்கு."

"வாக்கு குடுத்திருக்கோம்லா! எட்வின் என்ன நெனைப்பான்?"

அவர் இறங்கி, ஆட்டோக்காரரோடு சேர்ந்து பெட்டியை உள்ளே வைத்தார். மேல்துண்டால் துடைத்தார். அதில் ஏது தூசி?

"காலையிலேயே எடுத்துட்டாங்க, பியூலா" என்றார். "கோயில் பெட்டியிலதான். நான் போகும்போது அந்தப் பெட்டி திரும்பி வந்துட்டு இருந்துது."

கஞ்சியை ஊற்றி வைத்தேன். அவர் தொடவில்லை. நான் குடித்தேன். பாதியில் எழுந்து மீதியைக் கொல்லையில் கொட்டினேன். பயறு சரியாக வேகவில்லை போல.

ஏப்ரல் 4, சனி.

ஐயரிடம் போனேன்.

"ஐயா, நான் அன்பு காட்ட வேண்டியது எட்வினுக்கா, மிக்கேலம்மாவுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தாம்மா."

"ரெண்டு பேரும் ரோட்டுக்கு ரெண்டு பக்கம் நிக்காங்களே ஐயா. இவனுக்குக் காட்டுனா அவங்களுக்கு இல்ல. அவங்களுக்குக் காட்டுனா இவன் விழுவான். சண்டை போட்டோம், ஊருக்கு நல்லது நடந்துது. சமாதானம் ஆனோம், ஒரு மனுசனப் பாயோட உருட்டி விட்டுட்டாங்க. இதுல எது அன்பு?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஈஸ்டருக்காக யாரோ கொண்டுவந்த லில்லிப் பூக்கட்டு மேசையில் பிரிக்காமல் கிடந்தது. "நான் விலையச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார் மெதுவாக. அதுவும் எனக்குப் பதில் இல்லை. ஐயர் நல்லது என்று நினைத்துத்தானே சொன்னார்? நானும் நல்லது என்று நினைத்துத்தான் கையடித்தேன். மூன்று பேர் நல்லதையே நினைத்து இப்படியாகிவிட்டது.

ஏப்ரல் 5, ஈஸ்டர்.

ஸ்தோத்திரம்: எழுத வரவில்லை.

சமாதான வாழ்த்துக்கு எட்வின் கை நீட்டினான். கொடுத்தேன். அவன் கை சில்லிட்டிருந்தது. இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்.

காலையில் கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்தேன். சண்டை போட்ட நாளில் இருந்த விலையையே எழுதினேன். ஆசீர் பார்த்தார். லேஸ் சுருளை எடுத்துவந்து மேசையில் வைத்தார்.

எட்வின் ஓடிவந்தான். "என்னக்கா இது? நேத்துதானே கை குடுத்தோம்!"

"குடுத்தோம்."

"வாக்கு மீறுதியளேக்கா. நான் உங்கள நம்பி..."

"ஆமா, மீறுதேன். உனக்குத் தெரியாம மீறல. உன் கண்ணு முன்னாலதான் எழுதியிருக்கேன்."

"ஷீபாவுக்கு ஜூன்ல பிரசவம். இந்த விலையில நான் எப்படி நிக்கது? நீங்க மட்டும் எப்படி நிப்பிய?"

"தெரியல."

"அப்ப என் மேல இன்னும் கோவமாக்கா?"

"இல்லப்பா. ஆண்டவர் சத்தியமா இல்ல. உன் பிள்ளைக்குத் தொட்டில் அண்ணன்தான் செய்யப் போறாரு, மரம்கூட எடுத்து வச்சாச்சு. ஆனா நீயும் குறை. இல்லன்னா எங்கிட்டதான் வருவாங்க."

இதைச் சொல்லும்போது எனக்கே பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று இருந்தது. அவன் கண் கலங்கித் திரும்பிப் போனான். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிளகாயைப் புரட்டிப் போட்டேன். மத்தியானம் பார்க்கிறேன், அவன் பலகையையும் துடைத்துவிட்டான். என்னைவிட நூறு ரூபாய் குறைத்திருக்கிறான். பாவி!

ஏப்ரல் 9, வியாழன்.

லெந்து முடிந்துவிட்டது, இனி எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் இன்றைக்கு எழுதாமல் முடியவில்லை.

மிக்கேலம்மா கூடையோடு வந்தார். தாலி இல்லாத கழுத்தை முந்தியால் மூடியிருந்தார். ரோட்டின் நடுவில் நின்று என் பலகையைப் பார்த்தார், எட்வின் பலகையைப் பார்த்தார். ஒரு ஸ்கூட்டர்காரர் ஹாரன் அடித்துவிட்டு விலகிப் போனார்.

நான் வாசலுக்கு வந்தேன். எட்வினும் அவன் வாசலுக்கு வந்தான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வந்தேன். "என்ன மீன்?" என்றுதான் கேட்டேன்.

கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"இந்தச் சண்டைய ஒரு வாரத்துக்கு முந்திப் போட்டிருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டார்.